வீட்டுப் பின்புறத்து வெண்ணெய்ப் பழ மரமும் அதன் பகைகளும்

ஒரு பயிர் கடல் கடந்து வரும்போது அதன் பெயரும் உடன் வருவதுண்டு. பெயரை வழியிலேயே விட்டுவிட்டுப் பயிர் மட்டும் வந்து சேர்வதும் உண்டு. மெக்சிக்கோவின் பழங்குடியினர் தம் நகுவாத்தல் மொழியில் 'ஆகுவாகத்தில்' என்று வழங்கிய கனியை இசுபானியர் 'அகுவாகாத்தே' என்றனர். ஆங்கிலேயர் வாயில் அது 'அவகாடோ' ஆயிற்று. இலங்கைத் தமிழர் அதன் பருமனைக் கண்டு 'ஆனைக்கொய்யா' என்றனர். பழனி மலைச்சாரலில் அதைப் பயிரிடும் தமிழ்நாட்டு உழவரோ அதன் சதையின் மென்மையைக் கொண்டு 'வெண்ணெய்ப் பழம்' என்றனர். இரண்டும் பொருள் விளங்கும் நல்ல பெயர்களே. ஆயினும் இம்மரத்துக்கும் கொய்யாவுக்கும் உறவு எதுவும் இல்லை. இது இலவங்கப் பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்வது நலம்; இம்மரத்தைக் கொல்லும் நோய் ஒன்றைப் பற்றிப் பேசும்போது அது நமக்குப் பயன்படும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளின் பின்புறம் என்பது வெறும் காலி நிலம் அன்று. தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, மா, பலா, கொய்யா, வாழை என்று குடும்பத்தின் சமையற்கட்டுக்கு வேண்டியவற்றுள் பாதியை அந்தத் துண்டு நிலமே தந்து வந்தது. அவற்றின் நடுவே ஆங்காங்கே ஒரு வெண்ணெய்ப் பழ மரமும் நின்றது. சிரம்பான், இலாபு, போர்ட்டிக்சன், பகாவ், ரொம்பின் வட்டாரங்களில் பால்மரக் காடுகள் செம்பனைக் காடுகளாயின. லயங்கள் பல மறைந்தன. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். குடிபெயர்ந்தவர்கள் புதிய வீட்டின் பின்புறத்திலும் மரம் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடவில்லை. ஆதலின் அம்மரத்தின் நலம் பற்றி ஆராய்வது இன்றைக்கும் தேவையானதே.

காப்பித் தோட்டம் கற்பித்த பாடம்

பூச்சி என்பது சிறு பொருள் அன்று என்பதற்கு இம்மாநிலத்தின் வரலாறே சான்று. இரப்பர் வருவதற்கு முன்னர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் வெள்ளைக்காரத் துரைமார் பெரும்பாலும் காப்பியே பயிரிட்டனர். 1890களின் பிற்பகுதியில் இரண்டு இடர்கள் ஒருங்கே வந்தன. பிரேசில் நாட்டில் விளைச்சல் பெருகியதால் உலகச் சந்தையில் காப்பியின் விலை வீழ்ந்தது. அதே காலத்தில், கண்ணாடி போன்ற சிறகுகளையுடைய ஒருவகைப் பருந்து விட்டில் பெருகி, அதன் புழுக்கள் காப்பிச் செடிகளை இலையின்றி மொட்டையடித்தன. துரைமார் காப்பியைக் கைவிட்டு இரப்பருக்கு மாறியதற்கு விலை வீழ்ச்சி பெருங்காரணம் எனின், அப்புழு துணைக் காரணம். நம் முன்னோரை ஆயிரக்கணக்கில் இந்நாட்டுப் பால்காட்டுக்கு அழைத்துவந்த மாற்றத்தில் ஒரு புழுவுக்கும் பங்கு உண்டு என்பது வியப்பன்றோ!

இதில் மற்றொரு பாடமும் உண்டு. ஒரே பயிர் பரந்து கிடக்கும் இடத்தில் அதனை உண்ணும் பூச்சிக்கு விருந்து முடிவதே இல்லை. பத்து வகை மரங்கள் கலந்து நிற்கும் வீட்டுத் தோட்டத்தில் நிலைமை வேறு. அங்கே ஒரு பூச்சிக்கு உணவு குறைவு; அதனைத் தின்னும் குளவிக்கும் சிலந்திக்கும் பறவைக்கும் இருப்பிடம் மிகுதி. பின்புறத் தோட்டத்தின் முதற்காப்பு அதன் கலப்பே ஆகும்.

குறியறிதல்

நோயைக் கண்டபின் அதன் காரணத்தை நாடுவது மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த முறை. மரத்துக்கும் அதுவே முறை. இலை உதிர்ந்தது என்றவுடன் மருந்துப் புட்டியைத் தேடுவது பேதைமை. இலையைத் தின்றது புழுவா, சாற்றை உறிஞ்சியது மாவுப்பூச்சியா, தண்டைத் துளைத்தது வண்டா, வேர் அழுகிப்போயிற்றா என்று முதலில் காணவேண்டும். நான்குக்கும் மருந்து ஒன்றன்று.

இலை, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கடிபட்டு நரம்பு மட்டும் எஞ்சினால் புழுவின் வேலை. தென்கிழக்காசிய நாடுகளில் வெண்ணெய்ப் பழ மரத்தை மொட்டையடிப்பவற்றுள் முதன்மையானது, கிரிக்குலா என்னும் காட்டுப் பட்டுப்பூச்சியின் மயிர்ப்புழு. இது முந்திரி, மா, இலவங்கம் ஆகியவற்றையும் உண்ணும். இளம்புழுக்கள் கூட்டமாக ஒரே கிளையில் மேயும். முதிர்ந்தபின் வலைபோன்ற பொன்னிறக் கூடு கட்டி இலைக்கொத்துகளில் தொங்கும். சாவகத்தின் யோக்யகர்த்தாப் பகுதியில் இக்கூடுகளைத் திரட்டிப் பொன்னிறப் பட்டு நூற்று விற்கின்றனர்! ஒருவனுக்குப் பகை மற்றொருவனுக்குப் பிழைப்பு.

இப்புழுவுக்கு நஞ்சு தேவையில்லை. கூட்டமாக இருக்கும் பருவத்திலேயே அந்தச் சிறு கிளையைக் கத்தரித்துச் சவர்க்கார நீரில் அமிழ்த்தினால் போதும். மயிர் பட்டால் உடல் அரிக்குமாதலின் கையுறை வேண்டும். கைக்கு எட்டாத உயரமெனின், புழுக்களை மட்டும் தாக்கும் பேசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் நுண்ணுயிர்த் தூள் கடைகளில் கிடைக்கிறது. அதை நீரில் கரைத்து மாலையில் தெளிக்கலாம். அதனை உண்ட புழு இரை எடுப்பதை நிறுத்தி மடியும்; தேனீக்கும் குளவிக்கும் தீங்கில்லை. வேர் நலமாக உள்ள மரம் ஒருமுறை மொட்டையானாலும் மீண்டும் துளிர்க்கும். அஞ்ச வேண்டுவதில்லை.

மருந்தே நோயான கதை

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தோர் பைப்புழுவை நன்கறிவர். இலைத் துணுக்குகளையும் சுள்ளிகளையும் பட்டு நூலால் பிணைத்துப் பை செய்து, அப்பையைத் தூக்கிக்கொண்டே மேயும் புழு அது. பின்புறத்துப் பழமரங்களிலும் அதைக் காணலாம். இப்புழுவின் வரலாறு உலகப் பூச்சியியல் நூல்களில் இடம் பெற்றுவிட்டது.

1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் டி.டி.டி., எண்டிரின், டீல்டிரின் போன்ற, நெடுநாள் வீரியம் குன்றாத நஞ்சுகள் தெளிக்கப்பட்டன. பைப்புழு ஒழியவில்லை, மாறாக முன் எப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியது. பி. ஜே. உட் என்னும் பூச்சியியலார் இதனை ஆராய்ந்து காரணத்தை விளக்கினார். புழு தன் பைக்குள் பாதுகாப்பாக இருந்தது. அதன்மீது முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவிகளோ நஞ்சு படிந்த இலைமீது நடந்து மடிந்தன. காவலர் இறந்தனர், கள்வர் பிழைத்தனர். பரவலான தெளிப்பை நிறுத்தியபின் குளவிகள் மீண்டன, புழு அடங்கிற்று. அவர் தம் ஆய்வுகளை 1968இல் நூலாக வெளியிட்டார். அதே 1960களில் சபாவின் கொக்கோத் தோட்டங்களில் கோர்டன் கான்வே என்பாரும் இவ்வுண்மையையே கண்டார்.

பெருந்தோட்டத்துக்கு உண்மையானது பின்புறத்துக்கும் உண்மையே. ஒரு மரத்தின் எல்லா இலைகளையும் நஞ்சால் நனைப்பவர் பகைவரோடு நண்பரையும் கொல்கிறார். பகைவரோ விரைவில் பெருகும் இயல்பினர்.

சாறு உறிஞ்சுவோரும் எறும்பும்

இலையின் அடியிலும் காம்பிடுக்கிலும் வெண்பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. செதிள் போல அசையாது ஒட்டியிருப்பது செதிற்பூச்சி. இரண்டும் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கும். அந்நீரின்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கரியாகும். இலை கறுத்ததைக் கண்டு பூசண மருந்து தெளிப்பவர் உண்டு. பூச்சியை நீக்கினாலே பூசணமும் உதிர்ந்துவிடும்.

இனிப்பு நீரை விரும்பும் எறும்புகள் அப்பூச்சிகளை ஆடுமாடு போல மேய்த்து, அவற்றை உண்ண வரும் பொறிவண்டுகளை விரட்டும். ஆதலின், தரையிலிருந்து ஏறும் எறும்பைத் தடுப்பதே பாதி வெற்றி. அடிமரத்தில் துணி அல்லது தாள் சுற்றி, அதன்மேல் பசை அல்லது கெட்டிக் கொழுப்பைத் தடவலாம். பட்டையில் நேரே தடவலாகாது. தரையையும் கூரையையும் தொடும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். இல்லையேல் எறும்புக்கு வேறு பாலம் கிடைத்துவிடும்.

எனினும் எறும்பு யாவும் பகை என்று முடிவு கட்டலாகாது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, மலாய்க்காரர் 'கெரெங்கா' என்பது, இலையுண்ணும் புழுக்களையும் நாவாய்ப்பூச்சிகளையும் வேட்டையாடும். சீனத்தில் கி.பி. 304ஆம் ஆண்டினதாகச் சொல்லப்படும் ஒரு நூலிலேயே, ஆரஞ்சுத் தோட்டக்காரர் இவ்வெறும்புக் கூடுகளைச் சந்தையில் வாங்கி மரத்தில் கட்டிய செய்தி உள்ளது. பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கிய வரலாற்றில் மிகப் பழைய குறிப்புகளுள் அது ஒன்று. முசுறு கடிக்கும், மாவுப்பூச்சியையும் சிறிது பேணும். கைக்கெட்டாத உயர் மரத்தில் அது இருக்கட்டும். குழந்தைகள் விளையாடும் தாழ்ந்த மரத்தில் வேண்டாம்.

மாவுப்பூச்சியை அடக்கிய அண்மைக்காலக் கதை தமிழ்நாட்டினுடையது. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரிப் பயிர்கள் அழிந்தன. மருந்து மேல் மருந்து தெளித்தும் பயனில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அதன் இயற்கைப் பகையான நுண்குளவிகள் வரவழைக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டன. அவற்றுள் அசிரோபேகசு பப்பாயே என்னும் குளவி சில மாதங்களில் அப்பூச்சியை அடக்கிற்று. கொசுவினும் சிறிய அக்குளவி செய்ததை மருந்துப் பீப்பாய்கள் செய்ய இயலவில்லை.

வீட்டளவில் இவற்றுக்கு எளிய மருந்து சவர்க்கார நீர். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி அளவு மென்மையான நீர்ச் சவர்க்காரம் கலந்து, வெயில் தாழ்ந்தபின், பூச்சியின் மேலேயே படுமாறு இலையின் அடிப்புறம் தெளிக்க வேண்டும். முதலில் ஒரு கிளையில் தெளித்து இலை கருகவில்லை என்று கண்டபின் மற்றவற்றுக்குத் தெளிக்கலாம். வாரம் ஒருமுறையாக இரண்டு மூன்று முறை செய்க. வேப்பெண்ணெய் விற்கும் கடையில் அதன் சீட்டிலுள்ள அளவுப்படி கலந்தும் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டு உழவர் ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பது பழகிய முறை.

தேயிலை மலையிலிருந்து ஒரு வண்டு

தண்டில் குண்டூசித் துளை போன்ற சிறு ஓட்டைகளும், அவற்றைச் சுற்றிச் சர்க்கரை உதிர்ந்தாற்போன்ற வெண்பொடியும் தோன்றினால் கவனம் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் நீளமேயுள்ள துளைவண்டின் அடையாளம் அது. இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம்மவர்க்கு இவ்வண்டின் குலம் பழக்கமானது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தேயிலைத் தண்டுகளைத் துளைத்து முறித்துவரும் பூச்சி அது. வண்டு மரத்தைத் தின்பதில்லை. தன் வாய்ப் பைகளில் பூசண வித்தைச் சுமந்து சென்று, துளைத்த வழியில் விதைத்து, வளரும் பூசணத்தை உண்கிறது. குஞ்சுகளுக்கும் அதுவே உணவு. உழவு செய்யும் வண்டு என்றே இதைச் சொல்லலாம். அந்தப் பூசணம் மரத்தின் நீர்க்குழாய்களை அடைப்பதால் கிளை வாடுகிறது.

ஆசியாவைச் சேர்ந்த இக்குலத்து வண்டுகள் இன்று உலகை அச்சுறுத்துகின்றன. கலிபோர்னியாவில் 2003இல் முதன்முதலாகப் பிடிபட்டது. 2012இல் வெண்ணெய்ப் பழ மரங்கள் வாடியபோதுதான் அதன் தீமை விளங்கிற்று. இசுரேலின் வெண்ணெய்ப் பழத் தோப்புகளில் 2009இல் காணப்பட்டது. பின்னர் தென்னாப்பிரிக்காவுக்கும், 2021இல் ஆசுத்திரேலியாவின் பெர்த் நகருக்கும் சென்றடைந்தது. மரப்பெட்டிகளும் விறகும் இத்தகைய வண்டுகளுக்கு வாகனமாகின்றன.

தண்டுக்குள் ஒளிந்த வண்டைத் தெளிப்பு மருந்து எட்டாது. பாதித்த கிளையைப் பாதிப்புக்குக் கீழே நல்ல பகுதி வரை வெட்டி, சிறு துண்டுகளாக்கி, தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வெயிலில் பல வாரம் புழுங்கவிட வேண்டும். அவ்விறகை வேறு ஊருக்கு எடுத்துச் செல்லலாகாது. வாடிய மரத்தையே இவ்வண்டு எளிதில் நாடும். வறட்சியில் நீரும் அடிமரத்தில் வெட்டுக் காயமின்மையும் நல்ல காப்பு.

பழத்துக்குள் புகும் ஈ

பறித்த பழத்தைப் பிளந்தால் உள்ளே வெண்புழு நெளிவது பழ ஈயின் வேலை. தாய் ஈ தோலின் அடியில் முட்டையிடும். இரண்டொரு நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும். பழம் வீழ்ந்தபின் மண்ணுள் இறங்கிக் கூட்டுப் பருவத்தைக் கழித்து மீண்டும் ஈயாகும். தடித்த தோலுடைய பச்சைக் காய்க்குத் தொல்லை குறைவு. மெல்லிய தோலுடைய வகைகளுக்கும் மரத்தில் நெடுநாள் விடப்பட்ட பழத்துக்கும் மிகுதி. வெண்ணெய்ப் பழம் மரத்தில் இருக்கும்வரை மெலிவதில்லை. பறித்த பின்னரே பழுக்கும் இயல்புடையது. ஆதலின் முற்றிய காயைக் காலத்தே பறித்து அரிசிப் பானையிலோ கூடையிலோ பழுக்கவைப்பது ஈயையும் அணிலையும் வௌவாலையும் ஒருங்கே ஏமாற்றும் வழி.

காய் எலுமிச்சை அளவானவுடன் தாள் பையிட்டுக் கட்டுதல் மற்றொரு வழி. இந்நாட்டின் நட்சத்திரப் பழத் தோட்டங்களில் இது நெடுநாள் வழக்கம். விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வெயிலில் சில நாள் வைத்துப் பின் அப்புறப்படுத்த வேண்டும். மேலோட்டமாகப் புதைத்தால் ஈ மண்ணைக் கிளறி வெளிவந்துவிடும்.

ஈப்பொறியின் கதையும் சுவையானது. பீகார் மாநிலத்துப் பூசா ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹௌலெட் என்னும் பூச்சியியலார், சிட்ரோனெல்லா எண்ணெயின் மணத்துக்குப் பழ ஈக்கள் கூடுவதை 1912இல் வெளியிட்டார். 1915இல் அவ்வீர்ப்பின் காரணமாகிய மீத்தைல் யூஜினால் என்னும் பொருளை இனங்கண்டார். நம் துளசியிலும் அப்பொருள் உண்டு. இன்று கடையில் விற்கும் பொறிகளில் உள்ளதும் அதுவே. ஆனால் இதற்கு ஆண் ஈக்களே மயங்கும். முட்டையிடும் பெண் ஈ மயங்காது. ஆகவே பொறி ஒன்றையே நம்பாமல், பையிடுதலும் துப்புரவும் உடன் வேண்டும்.

பூச்சியல்லாத பகை

மரம் முழுதும் வெளிறி, இலை சிறுத்துத் தொங்கி, புதுத் துளிர் நின்றுபோய், எங்கும் பூச்சியைக் காணோமெனின் வேரைத் தோண்டிப் பார்க்க. உணவுறிஞ்சும் மென்வேர்கள் கறுத்து ஒடிந்தால் அது வேரழுகல். இதனை விளைக்கும் நுண்ணுயிர் 1922இல் சுமத்திராவின் இலவங்க மரங்களிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதனாலேயே பைட்டோப்தோரா சின்னமோமி என்று இலவங்கத்தின் பெயரைத் தாங்கியது. தொடக்கத்தில் குறித்த குடும்ப உறவு இங்கே பொருள்படுகிறது. இன்று உலகெங்கும் வெண்ணெய்ப் பழ மரத்தின் தலையாய கொலையாளி இதுவே. நீர் தேங்கும் மண்ணில் இதன் வித்துகள் நீந்திச் சென்று வேரைப் பற்றும்.

இதற்குப் பூச்சி மருந்து ஒருபோதும் உதவாது. நடும்போதே முழங்கால் உயரத்துக்கு மண்மேடு கட்டி அதன்மேல் நடவேண்டும். குளியலறை நீரும் கூரை நீரும் அடிமரத்தில் வந்து நிற்கலாகாது. காய்ந்த இலைகளைப் பரப்பி வேருக்குப் போர்வை தரலாம். தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போடவேண்டும்.

நஞ்சைப் பற்றி ஒரு சொல்

இறுதியாகக் கூறுவது முதன்மையானது. தோட்ட வாழ்வில் நஞ்சு எளிதில் கைக்கெட்டும் பொருளாக இருந்தது. களைக்கொல்லி தெளிக்கும் வேலையில் நம் பெண்கள் பெருந்தொகையினராக ஈடுபட்டனர். அவர்கள் உடல்நலம் பற்றித் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. எண்டோசல்பான் இந்நாட்டில் 2005இல் தடைசெய்யப்பட்டது. பாராகுவாட் களைக்கொல்லி 2020 சனவரி முதலும், குளோர்பைரிபாசு, கார்போபியூரான் ஆகிய பூச்சிக்கொல்லிகள் 2023 மே முதலும் தடைசெய்யப்பட்டன. எனவே பழைய கொட்டகையில் பெயர்ச்சீட்டு இல்லாது கிடக்கும் புட்டி எதுவாயினும் அதனைப் பயன்படுத்தல் கூடாது.

பெரிய காட்டுக்கென்று வாங்கிய மருந்தைப் பின்புறத்து மரத்துக்குத் தெளிப்பதும், மிச்சத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதும் குடும்பத்துக்கே குழி தோண்டும் செயல்களாம். செம்பனைக்கு எழுதப்பட்ட அளவு, நாளை பிள்ளை பறித்து உண்ணப்போகும் பழத்துக்கு எழுதப்பட்டதன்று. யாரேனும் தவறி நஞ்சை உட்கொண்டால் வாந்தியெடுக்க வைக்க முயலாது, புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்க. பினாங்கிலுள்ள தேசிய நச்சு மையம் மருத்துவர்க்கும் பொதுமக்களுக்கும் வழிகாட்டி வருகிறது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இம்மரம் ஒரு திறந்த நூல். வாரம் ஒருநாள் மாணவர் ஒரே கிளையைப் பார்த்து, கண்ட பூச்சி, அதன் வேலை, அதனை உண்ணும் உயிர் ஆகிய மூன்றையும் தமிழில் குறித்துவரச் செய்யலாம். பருவ முடிவில் அக்குறிப்பேடே அவ்வூருக்கேற்ற பயிர்க்காப்பு நூலாகும். மாவுப்பூச்சி, பொறிவண்டு, முசுறு, துளைவண்டு முதலிய சொற்களும் ஏட்டோடு நின்றுவிடாமல் பிள்ளைகளின் வாயில் வாழும். அப்பிள்ளைகள் வளர்ந்து ஒரு மரத்தில் புழுவைக் கண்டால், புட்டியைத் தேடுமுன் இலையைத் திருப்பிப் பார்ப்பர். அதுவே பயிர்க்காப்பின் முதற்படி.